பனிக்குட நீருக்குள் ஓர் எச்சரிக்கை
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து வீட்டில் வாழும் என் தங்கைக்கு 29ஆவது வாரத்திலேயே வயிறு இறுகி வலி எடுத்தபோது, இன்னும் எட்டு வாரமாவது தாங்காதா என்று அம்மா அவளுடைய வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். காய்ச்சல்கூடக் காட்டாமல் பனிக்குடத்துக்குள் பரவும் கிருமித்தொற்று அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போது பனிக்குட நீரில் இன்டர்லூக்கின்-6, எம்எம்பி-8 ஆகிய புரதங்கள் உயர்கின்றன. பின்னது பனிக்குடச் சவ்வைத் தாங்கும் நார்ப்புரதமான கொலாஜனையே சிதைக்கிறது. ஆனால் அந்த நீரை எடுக்க, ஸ்கேனில் பார்த்தபடி வயிற்றின் வழியாக ஊசி செலுத்த வேண்டும் என்பதால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்வது முறையன்று என்றே கருதுகிறேன். தங்கைக்குப் பஞ்சுக்குச்சியால் பிறப்புறுப்புக் கசிவை எடுத்து, பனிக்குடச் சவ்வைக் கருப்பையோடு ஒட்டவைக்கும் புரதமான ஃபைப்ரோனெக்டின் அதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. ஓரிரு வாரத்தில் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தாதி விளக்கிய பிறகே அம்மா கையை எடுத்தார்.