டூரோவில் படகு ஓடாத நாள்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்திலிருந்து, டூரோ ஆற்றங்கரையில் திராட்சை மலைகளுக்கு நடுவே உள்ள பின்யா ஊருக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பாதி வழிக்கு மேல் தண்டவாளம் டூரோ ஆற்றை ஒட்டியே போகும். அந்த ஜன்னலில் அப்பாவை உட்கார வைத்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டு எங்களைப் படிக்க வைத்தவர். ஒயினை வாயில் வைக்காதவர். ஆனாலும் போர்ச்சுகல் வந்தவருக்குத் திராட்சை மலையைக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனசில்லை.

ஆறு செம்மண் நிறத்தில், மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. படகுத்துறையில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்: மேலே அணை திறந்திருக்கிறது, இன்று படகு இல்லை. கொஞ்ச நேரத்தில் மதியம் பார்க்கவிருந்த தோட்டத்திலிருந்தும் வர வேண்டாம் என்று செய்தி. திரும்பும் ரயில் சாயங்காலம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடு தாயி. ஆறு பெருகுனா நல்லதுதானே" என்றார் அப்பா.

தூறலுக்கு ஒதுங்க ஸ்டேஷனுக்கே திரும்பினோம். பின்யா ஸ்டேஷன் சுவரில் நீல ஓடுகளில் 24 படங்கள் இருக்கின்றன, 1937-இல் பதித்தவை. வந்து இறங்கிய அவசரத்தில் நான் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். பெண்கள் குலை அறுக்கிறார்கள்; ஆண்கள் உயரக் கூடைகளை முதுகில் தூக்கி வரிசையாக இறங்குகிறார்கள். "இந்தச் சரிவுல பாரத்தோட எப்படி இறங்குனாங்க? முழங்கால் போயிருக்குமே."

இன்னொன்றில் ரபேலோ படகு. ரயில் வருவதற்கு முன் ஒயின் பீப்பாய்கள் இந்தப் படகுகளில்தான் போர்ட்டோ பக்கம் போயின. அன்றைய டூரோ பாறையும் சுழலுமாக இருந்த ஆறு. இதற்கு வரைபடம் வரைந்த ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டரே 1861-இல் வலெய்ரா பாறை இடுக்கில் படகு கவிழ்ந்து இறந்தார், உடல் கிடைக்கவில்லை. 1970களிலும் 80களிலும் கட்டிய ஐந்து அணைகள்தான் ஆற்றை அடக்கின. இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப இன்னைக்குப் படகு விடாதவன் புத்திசாலி" என்றார். என் கோபம் அங்கேயே வடிந்தது.

மழை விட்டதும் ஊருக்கு மேலே ஏறும் சாலையில் நடந்தோம். கவாத்து முடிந்த மொட்டைக் கொடிகள், முழங்கால் உயரத்துக்கு. நம்மூர் மாதிரி கல்தூண், கம்பிப் பந்தல் எதுவும் கிடையாது. அப்பா குனிந்து ஒரு பிடி அள்ளினார். கையில் வந்தது மண் இல்லை, தகடு தகடாக உடைந்த ஷிஸ்ட் கல்.

"இதுலயா கொடி புடிக்குது?"

பாறை அடுக்கடுக்காகப் பிளந்திருப்பதால் வேர் அந்த வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி ஈரம் தேடும் என்றேன். அவர் கண் அதற்குள் சுவர்களுக்குப் போய்விட்டது. மலை முழுக்கப் படிப்படியாகக் கல்சுவர். சாந்து பூசாமல் கல்மேல் கல் வைத்துக் கட்டியது. 1756-லேயே எல்லை குறித்த ஒயின் வட்டாரம் இது. 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்தச் சுவர்களைக் கட்டிய கூலியாட்களின் பெயரை நான் எந்தப் புட்டியிலும் பார்த்ததில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

சில படிகளில் கொடியே இல்லை; புதரும் ஆலிவ் மரமும்தான். 1860களில் வந்த ஃபிலாக்சரா என்ற பூச்சி வேரைத் தாக்கித் தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டி மற்ற இடங்களை மீட்டார்கள், இவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். அப்பா அந்தப் பக்கமே ரொம்ப நேரம் பார்த்தார். கொடி பட்டுப்போன வருஷம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மதியம் சின்னக் கடை ஒன்றில் கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் குடித்தோம். இந்த மலைத் திராட்சையில் செய்யும் போர்ட் ஒயின் ஏன் இனிக்கிறது என்று அப்பா கேட்டார். சாறு பாதி புளித்ததும் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துவார்கள், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும் என்றேன். "சரி" என்றார். ருசி பார்க்கக் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் சிக்னல் கிடைத்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சிமென்ட்டே இல்லடா, வெறுங்கல்லு. மலை உச்சி வரைக்கும் கட்டியிருக்கான். நம்ம மேக்காட்டு வரப்பை இப்படிக் கட்டியிருந்தா போன மழையில போயிருக்குமா?"