மகரக்கட்டுக் காலத்தில் ஓர் இசை முகாம்

நம் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது எதைப் பற்றி எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. 2002ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளையில் நடந்த இசை முகாம்தான் உடனே நினைவுக்கு வந்தது. நம் பாடசாலையிலிருந்து போனவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களில் பலர் இன்று எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்களில் யாராவது அங்கே இருந்திருந்தால் சங்கத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

அந்த வருடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சங்கீத ஆசிரியர் மலையகத்துக்கு வந்து தங்கிச் சொல்லிக்கொடுப்பது லேசில் நடக்கிற காரியமா? வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைக்கு நாங்கள் வாரத்தில் ஒரு வகுப்பையும் தேய்ந்துபோன ஒரு கசெட்டையும் நம்பித் தயாராகிக்கொண்டிருந்தோம். பாதை திறந்ததும் வாய்ப்பாட்டு டீச்சர் ஒருவரும் மிருதங்க சேர் ஒருவரும் எங்களுக்காகப் புறப்பட்டு வந்தார்கள். டீச்சர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக சுவெட்டர் போட்டது அங்கேதான்.

அட்டனில் ரயில் ஏறும்போது ஒரே மழை. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்து மலைகளில்தான் கொட்டித் தீர்க்கும். 6,200 அடிக்கு மேலே, இலங்கையிலேயே உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால், ஊவாப் பக்கம் பளிச்சென்று வெயில். பண்டாரவளையில் அந்த மாதங்களில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதே அந்தக் காற்றுதான். அட்டனில் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், தட்டினால் நாதமே எழும்பாமல் தொய்ந்து கிடந்த மிருதங்கம், மறுநாள் காலை உறையை அவிழ்த்தபோது தானாகவே சுருதி ஏறி நின்றது. "தோல் காத்தில இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். குடிச்சால் தொய்யும், காய்ஞ்சால் இறுகும்" என்றார் சேர். ஒவ்வொரு காலையும் கல்லும் கட்டையுமாக உட்கார்ந்து, பின்னலைச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதியைச் சரிப்படுத்துவார். வயலின்காரப் பிள்ளைகளுக்கு வேறு பாடு. காய்ந்த காற்றில், தந்தியை முறுக்கும் பிரடை சுருங்கி வழுக்கும். கரும்பலகைச் சோக்கைத் தேய்த்துத்தான் அதைப் பிடிக்க வைப்பார்கள்.

தங்கியது ஒரு பாடசாலைக் கட்டடத்தில். வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பாய், ஆளுக்கொரு கம்பளி. காலையில் ரொட்டியும் கட்டசம்பலும், இரவில் சோறும் பருப்பும். குளிக்க ஒரு கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கும், பிந்தினால் பச்சைத்தண்ணீர்தான். தினமும் விடிந்ததும் மிருதங்கப் பிள்ளைகள் சமையல் அக்காவிடம் போய் ரவை கேட்டு நிற்பார்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்புவதற்கு. "சாப்பிட வச்ச ரவைய மேளத்துக்குக் குடுத்துட்டு நான் எத வச்சு உப்புமா கிண்டுறது?" என்று கேட்டுக்கொண்டேதான் அள்ளிக் கொடுப்பார்.

ஐந்து மணிக்குச் சாதகம். ஜன்னலுக்கு வெளியே இருட்டும் பனியும். குளிரில் தொண்டை இறுகியிருக்கும் என்பதால் டீச்சர் எடுத்தவுடன் மேலே போக விடமாட்டார். முதலில் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் நீளமாகப் பிடிக்க வேண்டும், அப்புறம் கீழே மந்தர ஸ்தாயி. குரல் சூடேறிய பிறகுதான் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலத்திலும். நடுவில் மல்லித்தண்ணீர் வரும்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மகரக்கட்டு, அதாவது குரல் உடைவது, தொடங்கியிருந்தது. மேல் ஷட்ஜத்துக்குப் போனால் குரல் கிழியும். டீச்சர் இரண்டு நாள் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, குரல் மாறுற நேரம். இப்ப வலிஞ்சு பாடினால் தொண்டை கெட்டுப்போகும். கொஞ்சக் காலத்துக்குப் பாடாதேங்கோ." பாடுவதற்கென்றே வந்த இடத்தில் பாடாதே என்றால் ஒரு பையன் என்ன செய்வான்? சமையலறைக்குப் பின்னால் போய் அழுதேன். சமையல் அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிகாலை டீச்சர் தம்பூராவை என் மடியில் வைத்தார். மீட்டிக்கொண்டே எல்லோருடைய குரலையும் கேட்க வேண்டும், யார் சுருதியை விட்டு விலகுகிறார்களோ அவர்களைப் பார்த்து ஒரு விரலை உயர்த்த வேண்டும். இதுதான் என் வேலை. அதுவரை பாட்டைக் கேட்பது என்றால் அடுத்து நான் பாட வேண்டிய இடத்துக்குக் காத்திருப்பது என்றுதான் இருந்தேன். அந்தக் காலைகளில்தான் உண்மையாகவே கேட்கத் தொடங்கினேன். அந்த ராகத்தில் ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டியே நிற்கும், காந்தாரம் தூரத்தில் இருக்கும். ஏறும் அவசரத்தில் பிள்ளைகள் ரிஷபத்தைக் கொஞ்சம் உயர்த்திவிடுவார்கள். இறங்கும்போது காந்தாரம் களைத்துக் கீழே சரியும். அவரவர் எங்கே விலகுவார்கள் என்பது முகத்தைப் பார்க்காமலே தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் மற்றவர்கள் வருவதற்கு முன் தனியாக மீட்டிக்கொண்டிருந்தேன். தம்பூராவில் இருப்பது பஞ்சமமும் ஷட்ஜமும்தான். மந்தர ஷட்ஜத் தந்தி அதிர்ந்து அடங்கும்போது அதற்குள்ளிருந்து மெல்லியதாக ஒரு காந்தாரம் எழுந்தது. யாரும் மீட்டாத சுரம். பிரமையோ என்று திரும்பத் திரும்ப மீட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற டீச்சர், "கேக்குதா? அதுதான் சுயம்பு காந்தாரம். சிலபேருக்கு வருசக் கணக்கில் பாடியும் காதில் விழாது" என்றார். மேடையில் கிடைத்த எந்தக் கைதட்டலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகவில்லை.

மகரக்கட்டுக்காரர்கள் எல்லோரும் மாலையில் மிருதங்க சேரிடம் சொற்கட்டுப் படித்தோம். "தத் தித் தொம் நம்" என்று கையால் தாளம் போட்டு வாயால் சொல்ல வேண்டும். ஒரு மாலை, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, தப்பு என்ற பறையை அடிக்கும் தாத்தா ஒருவரைச் சேர் அழைத்திருந்தார். தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் தப்பு வேண்டும், ஆனால் சங்கீத வகுப்பு நடக்கும் அறைக்குள் அது வந்து நாங்கள் பார்த்ததில்லை. சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்குகிறவர்களும், அடிப்பவரின் சாதி பார்த்து வாசலோடு நிறுத்துகிறவர்களும் நம்மிடையே இருந்தார்கள்; இப்போதும் இருக்கிறார்கள். தாத்தாவும் வாசலிலேயே நின்றார். சேர் எழுந்து போய், கையைப் பிடித்து அழைத்து வந்து, தன் பாயில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கொஞ்சம் காய்ச்சிக்கிறேனுங்க" என்று தாத்தா முற்றத்தில் சருகைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டினார். விரலால் சுண்டிப் பார்ப்பார், திரும்பக் காட்டுவார். சேர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் கல்லையும் கட்டையையும் வைத்துத் தான் படும் பாட்டை இவர் நெருப்பை வைத்து முடிக்கிறார் என்று அவர் எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறகு தாத்தா அடித்தார். அறை அதிர்ந்தது. "ஐயா, அந்த அடியை இன்னொருக்கா அடிச்சுக் காட்டுங்கோ" என்று சேர் கேட்டுக் கேட்டு வாங்கி, "தகிட தகிட" என்று சொல்லாக்கி எங்களையும் சேர்ந்து சொல்ல வைத்தார். நாங்கள் தோட்டத்தில் நடை பழகிய நாளிலிருந்து கேட்டு வந்த அடி, மூன்று மூன்றாக நடக்கும் திச்ர நடை என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசி நாள் நிகழ்ச்சிக்கு அம்மாமார் வேலை நாளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கீதம் பாடினார்கள், பெரியவர்கள் வர்ணம் பாடினார்கள். மகரக்கட்டுப் பையன்கள் நாங்கள் சொற்கட்டுச் சொல்ல, சேர் மிருதங்கமும் தாத்தா தப்பும் வாசித்தார்கள். என் அம்மா தாத்தாவைப் பார்த்துக் கும்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்று நாம் இருக்கும் டொரொன்டோவில் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இல்லாத குறை இல்லை. வாரத்தில் அரை மணி, முக்கால் மணி வகுப்பு, அப்புறம் பரீட்சை, அப்புறம் அரங்கேற்றம். எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் மற்றவர் பாடுவதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு ஒரே சுருதிக்குள் சேர்ந்து வாழ அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. மலையகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கோ வாரத்தில் அந்த அரை மணி கிடைப்பதே பெரிய காரியம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஓர் ஓகஸ்டில் நம் சங்கம் அப்படியொரு முகாமை நடத்த வேண்டும் என்பது என் கோரிக்கை. பண்டாரவளைப் பக்கமே நல்லது, மழைத் தொல்லை குறைவு. தோட்டத்துப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பெட்டிச் சுருதி போதாது, உண்மையான தம்பூரா வேண்டும். தப்பு அடிக்க வருகிறவருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும். முதல் தம்பூராவை நான் வாங்கித் தருகிறேன், செயலாளரிடம் சொல்லியாயிற்று.