வைரஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

பயணப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு நண்பனிடம் கொடுத்திருந்தேன். இரவே போன் வந்துவிட்டது. “டேய், உன் பென்டிரைவைச் செருகினேன், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, பாத்துக்கோ.” கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இல்லை என்று மறுக்க என் கையில் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. “எதையும் அழிக்காதே, எந்த ஷார்ட்கட்டையும் டபுள் கிளிக் செய்யாதே, இன்டர்நெட்டை மட்டும் துண்டித்து வை” என்று சொன்னேன். பதறிப்போய் ஃபார்மட் செய்துவிட்டால் தடயமும் சேர்ந்து போய்விடும். அதற்கப்புறம் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வெறும் வாய்ச்சண்டைதான்.

முதலில் என் கணினி. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ காலியாக இருந்தது. அது மட்டும் போதாது. பிடித்ததைத்தான் அது சொல்லும், பிடிக்காமல் விட்டதைச் சொல்லாது. ஆகவே விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே இது ஓடும் என்பதால், வைரஸ் ஒளிந்துகொள்ள வழி குறைவு. சுமார் கால் மணி நேரம். ஒன்றும் சிக்கவில்லை. கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலையும், குறித்த நேரத்தில் ஓடுபவற்றைக் காட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் ஒருமுறை மேய்ந்தேன். தெரியாத பெயர் எதுவும் இல்லை.

அப்புறம் செய்ததுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. வேறொரு காலி பென்டிரைவை ஃபார்மட் செய்து, அதில் இரண்டு ஃபோல்டர்களை உருவாக்கி, என் கணினியில் செருகி அப்படியே விட்டுவிட்டேன். மறைக்கப்பட்ட கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி எக்ஸ்ப்ளோரரில் முன்பே மாற்றியிருந்தேன். இந்த ஷார்ட்கட் வகையறா பென்டிரைவில் செய்வது ஒரே வேலைதான்: செருகிய டிரைவில் தன்னை நகலெடுத்து, உண்மையான ஃபோல்டர்களை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் வைப்பது. என் கணினியில் அது இருந்தால் காலி பென்டிரைவைச் சும்மா விட்டிருக்காது. கழற்றி, செருகி, மறுபடி பார்த்தேன். நான் போட்ட இரண்டு ஃபோல்டர்கள், அவ்வளவுதான்.

சரி, என் பக்கம் சுத்தம் போலத் தெரிகிறது. அப்படியானால் எங்கிருந்து வந்தது? மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன்.

போனதும் நான் கேட்டது ஒன்றுதான்: “முதன்முதலில் திறந்தபோது ஃபோல்டர்கள் எப்படி இருந்தன?” யோசித்துச் சொன்னான். ஒழுங்காகத்தான் இருந்தனவாம். உள்ளே போய்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்தபோதுதான் எல்லாவற்றின் மேலும் அந்தச் சின்ன அம்புக்குறி. இங்கேயே எனக்குப் பொறி தட்டியது. பென்டிரைவைச் செருகியவுடன் உள்ளே இருப்பது தானாக ஓடும் ஆட்டோரன் வசதியைப் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் 2011-லேயே அப்டேட் மூலம் அடைத்துவிட்டது. இன்றைக்கு இந்த வகை வைரஸ் பென்டிரைவிலிருந்து கணினிக்குள் ஏற, பெரும்பாலும் யாராவது அந்த ஷார்ட்கட்டை அழுத்த வேண்டும். இவன் அழுத்தும் முன்பே ஷார்ட்கட்டுகள் முளைத்திருக்கின்றன.

ஆனால் நினைவை மட்டும் நம்பி ஒருவன் மேல் பழியைத் திருப்ப முடியாது. ஆகவே நேரத்தைப் பார்த்தோம். அவன் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்று கௌரவமாக ஒரு வரி. ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோப்புகளை ஓட்டும் அந்த நிரல் விண்டோஸுடையதுதான், கெட்டதல்ல. ஆனால் யாரும் வைக்காமல் ஸ்டார்ட்அப்பில் அது உட்கார்ந்திருக்கக் காரணமே இல்லை. அதை ஓடவிடாமல் நிறுத்திவிட்டு, என் பென்டிரைவில் மறைந்திருந்த வைரஸின் ஸ்கிரிப்ட் கோப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்தேன். அதில் ‘மாடிஃபைடு’ தேதி உதவாது; நகலெடுத்தாலும் மூலக் கோப்பின் தேதியே அதில் தொடரும். ‘கிரியேட்டட்’ என்பதுதான் அந்த டிரைவில் அது வந்து விழுந்த நேரம்.

இன்னொரு பக்கம், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஐஎன்எஃப்’ என்ற ஃபோல்டரில் ‘செட்அப்ஏபிஐ டாட் டெவ்’ என்றொரு லாக் கோப்பு இருக்கிறது. ஒரு சாதனம் முதன்முறையாகச் செருகப்பட்ட நேரத்தை அது நொடி சுத்தமாகக் குறித்து வைக்கும். நோட்பேடில் திறந்து, என் பென்டிரைவின் பெயரைத் தேடினோம். கிடைத்த நேரம், ஸ்கிரிப்ட் உருவான நேரத்துக்கு அரை நிமிடம் முந்தையது. இரண்டுமே அவன் கணினியின் கடிகாரம் எழுதியவை, ஆகவே கடிகாரம் தப்பு என்று சொல்லவும் இடமில்லை. கோப்பின் தேதியைத் திருத்தும் வைரஸ்களும் உண்டு என்பது தெரியும். ஆனால் அவன் நினைவும், என் காலி பென்டிரைவும், இந்த இரண்டு நேரங்களும் ஒரே கதையைத்தான் சொல்லின.

அதாவது வைரஸ் அவன் கணினியில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அவனுடைய சொந்த ஹார்ட்டிஸ்க்கில் இருந்த ஃபோல்டர்கள் எதையும் அது மாற்றாததால் அவனுக்குத் தெரியவில்லை; அறிகுறி முதலில் தெரிந்தது என் பென்டிரைவில். ஆன்டிவைரஸோ எப்போதோ காலாவதியாகி, புதுப்பிக்கச் சொல்லும் பெட்டியை மூடி மூடி அவனுக்குப் பழகிப் போயிருந்தது.

சுத்தம் செய்தது சீக்கிரம் முடிந்தது. ஆஃப்லைன் ஸ்கேன் அதைப் பெயர் சொல்லிப் பிடித்தது. பென்டிரைவில் ஷார்ட்கட்டுகளை அழித்து, ‘ஆட்ரிப்’ கட்டளையால் மறைந்த ஃபோல்டர்களை வெளியே கொண்டுவந்தோம். ஒரு படமும் போகவில்லை. இந்த மாதிரி ஸ்கிரிப்டுகளில் சில தூரத்திலிருந்து கணினியை இயக்கவும் வழி திறந்துவிடும் என்பதால், அவன் பாஸ்வேர்டுகளை எல்லாம் போனிலிருந்து மாற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான்.

அப்புறம்தான் அவனே கேட்டான்: “அப்ப நான் யார் யாருக்கெல்லாம் பென்டிரைவ் கொடுத்தேன்?” பட்டியல் போட்டோம். அவர்களுக்கு அனுப்பும் செய்தியில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று எழுத வேண்டாம் என்றேன். கடைசியில் அவன் அனுப்பியது இதுதான்: “என் கம்ப்யூட்டரில் ஷார்ட்கட் வைரஸ் இருந்திருக்கிறது. நான் கொடுத்த பென்டிரைவில் எந்த ஷார்ட்கட்டையாவது அழுத்தியிருந்தால், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்று இருந்தால் எதையும் அழிக்காமல் எனக்குப் போன் செய்யுங்கள்.”