பதினோராவது வரியில் மொழி மாறியது

"ரெண்டும் நான்தான்னா, முடிவெடுக்கறது யாரு மேடம்?"

"அதையும் நீதாம்மா கண்டுபிடிக்கணும்" என்றேன். கல்லூரி ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரும் சொல்லக்கூடிய பதில்தான். வந்தவருக்காக நாம் முடிவெடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை நான் மீறவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அந்த மாணவி சிரித்த சிரிப்பில் கேலி இல்லை, கோபமும் இல்லை. 'சரி, இவங்ககிட்டயும் இல்ல' என்பதுபோல ஒரு சிரிப்பு.

அவள் கையில் இருந்தது 'நான் யார்?' தாள். மான்ஃபிரெட் குன், தாமஸ் மெக்பார்ட்லாண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954-இல் கொடுத்துவிட்டுப் போனது. இருபது காலி வரிகள், பன்னிரண்டு நிமிடம், ஒரே கேள்விக்கு இருபது பதில். மாணவி, மகள், இன்ன மதம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லாத பதில்களைத்தான் பலரும் முதலில் எழுதித் தீர்க்கிறார்கள், 'நான் சோம்பேறி', 'நான் சந்தோஷமானவன்' மாதிரியானவை அதற்குப் பிறகுதான் வருகின்றன என்று அவர்கள் கண்டார்கள். என் அனுபவத்திலும் பெரும்பாலும் அப்படித்தான்.

இவள் தாள் தலைகீழ். முதல் பத்து வரி ஆங்கிலத்தில்: லட்சியம் உள்ளவள், தனியாக இருக்கப் பிடித்தவள், கணக்கில் கெட்டிக்காரி, பிடிவாதக்காரி. பதினோராவது வரியில் சட்டென்று தமிழ். 'அப்பாவோட மூத்த பொண்ணு.' 'தம்பிக்கு ரெண்டாவது அம்மா.' 'வீட்டுல எல்லார் கணக்கும் பார்க்கறவ.' மொழி மாறியதை அவள் கவனிக்கவே இல்லை. நான் சுட்டிக்காட்டிய பிறகு தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல எது மேடம் நான்?" என்று கேட்டாள். "ரெண்டும் நீதான்" என்றேன். அதற்குத்தான் அந்த அடுத்த கேள்வி வந்தது. மேற்படிப்புக்கு வெளியூர் போவதா, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலையில் சேர்வதா என்று பதில் சொல்ல வேண்டிய வாரம் அது.

சுட்டிக்காட்டாமல் விட்டிருக்கலாமோ என்று ஒரு நாள் தோன்றும். அது என் வேலை, பார்த்ததைச் சொல்லாமல் விட்டால்தான் தப்பு என்று மறுநாள் தோன்றும்.

அந்தப் பத்தும் பத்தும் தற்செயல் இல்லை. கனடாவில் சீனாவில் பிறந்த மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2002-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் தங்களைப் பற்றிச் சீன மொழியில் எழுதினார்கள், மறு பகுதியினர் ஆங்கிலத்தில் எழுதினார்கள். சீனத்தில் எழுதியவர்களின் பதில்களில் குடும்பமும் குழுவும் கூடுதலாக வந்தன. யார் எதில் எழுதுவது என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானித்தார்கள். ஆக, சீனத்தில் எழுதியவர்கள் இயல்பிலேயே குடும்பப் பாசம் மிகுந்தவர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேள்வி எந்த மொழியில் வந்ததோ, அந்த மொழியில் யாரோடு பேசிப் பழகினோமோ, அவர்களுக்குத் தெரிந்த ஆளாகத்தான் பதில் சொல்கிறோம். வகுப்பறையில் ஆங்கிலத்தில் உருவானவள் ஒருத்தி, வீட்டில் தமிழில் உருவானவள் ஒருத்தி. அன்று ஒரே பேனாவை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

கென்யாவில் இதே தாளைக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. கிராமப்புற மசாய், சம்புரு மக்களின் பதில்களில் உறவும் பொறுப்புமே நிறைந்திருந்தன. நைரோபி பல்கலைக்கழக மாணவர்களின் பதில்களோ அவர்களைவிட அமெரிக்க மாணவர்களின் பதில்களோடு நெருக்கமாக இருந்தன. ஒரே நாட்டுக்காரர்கள்தான். இதைப் படித்தபோது, பண்பாடு என்பது ரத்தத்தில் ஊறிக் கிடப்பது என்று பேசுகிறவர்களுக்கு எடுத்துக்காட்ட நல்ல சான்று என்று சந்தோஷப்பட்டேன். கல்லூரி ஆளை எப்படி மாற்றுகிறது என்பதற்கான சான்றும் அதுவே என்பதும், அந்தக் கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவள் நான் என்பதும் பிறகுதான் உறைத்தன. முதல் பத்து வரிகளில் எங்கள் கைவண்ணமும் இருக்கிறது. அப்புறம் நடுவர் மாதிரி உட்கார்ந்து 'ரெண்டும் நீதான்' என்று சொல்வது எப்படிச் சரி?

ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'மேலே படி' என்று சொல்லியிருந்தால் முதல் பத்து வரிக்காரியின் கட்சி. 'வீட்டைப் பார்' என்றால் மற்றவளின் கட்சி. இதில் எனக்கும் ஒரு சார்பு உண்டு, அது அவளுக்குத் தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்ன சார்பு என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அவள் வேலையில் சேர்ந்தாள். பிறகு வந்து சொல்லிவிட்டுப் போனாள், தெளிவாகத்தான் இருந்தாள். தொல்லை எனக்குத்தான், படிவத்தை நிரப்ப வேண்டும். உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் வகுத்த நான்கு அடையாள நிலைகளில் ஒன்றை அதில் டிக் செய்ய வேண்டும். தேடலும் இல்லை, பிடிப்பும் இல்லை என்றால் ஒன்று. தேடிக்கொண்டே இருந்தால் இன்னொன்று. தேடி அலசிப் பார்த்து ஒன்றில் நிலைத்தால் அது 'எய்திய அடையாளம்'. தேடாமலே, பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டால் 'ஃபோர்க்ளோஷர்'. கடைசி இரண்டிலும் வெளியே தெரியும் வாழ்க்கை ஒன்றாகவே இருக்கலாம். அதே வேலை, அதே வீடு, அதே திருப்தி. நடுவில் ஒரு சந்தேகக் காலம் இருந்ததா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இருந்ததா? என் அறையில் "முடிவெடுக்கறது யாரு?" என்று அவள் கேட்டது சந்தேகம் இல்லையென்றால் வேறு எது சந்தேகம்? அதைக் கணக்கில் எடுத்தால் அவள் எய்தியவள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரோடும் அவள் தொடரவில்லை, முதலில் கேட்ட ஆளே அதை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பார்த்தால் ஃபோர்க்ளோஷர். அவளைப் பற்றிய குறிப்பு, என் பதிலின் தரத்தைப் பொறுத்து மாறுகிறது! கட்டத்தைக் காலியாக விட்டேன். துறைத் தலைவர் கேட்டார், "தகவல் போதவில்லை சார்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

எரிக் எரிக்சனின் கதை இங்கே ஞாபகம் வரும். 'நான் யார்' என்று தடுமாறும் 'அடையாள நெருக்கடி' என்ற பேச்சை உலகம் முழுக்கப் பரப்பிய உளவியலாளர். 1902-இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தார். பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. யூத சமயப் பள்ளியில் அவரது நார்டிக் (வட ஐரோப்பிய) சாயலுக்காகக் கிண்டல், பொதுப் பள்ளியில் யூதர் என்பதற்காகக் கிண்டல். வளர்ப்புத் தந்தையின் ஹோம்பர்கர் என்ற குடும்பப் பெயரோடு வளர்ந்தவர், 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன், அதாவது 'எரிக்கின் மகன்', ஆனார். வளர்த்தவரை உதறிவிட்டார் என்று வாதாடியவர்கள் உண்டு, தன்னைத் தானே பெற்றுக்கொண்டார் என்று மெச்சியவர்களும் உண்டு. நான் பார்ப்பது 'எரிக் ஹெச். எரிக்சன்' என்ற பெயரின் நடுவில் நிற்கும் அந்த 'ஹெச்'. ஹோம்பர்கரை அவர் முழுக்க விடவில்லை, இனிஷியலாக வைத்துக்கொண்டார். அதைத் தேடல் என்பதா, பெரியவர்கள் கொடுத்தது என்பதா? அவருக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

இப்போது தாளை இரண்டு மொழியிலும் தனித்தனியாகக் கொடுக்கிறேன், நடுவில் இடைவெளி விட்டு. இரண்டாவது தாள் முதல் தாளைப் பார்த்துத்தான் எழுதப்படும், ஒப்பீடே கெட்டுவிடும் என்கிறார் சக ஆலோசகர். அவர் சொல்வது சரிதான், ஆனாலும் நிறுத்தவில்லை. பெரும்பாலானவர்களின் தாள்கள் கொஞ்சமாவது வேறுபடுகின்றன, அவர்களோடு பேச எனக்கு ஏதாவது கிடைத்துவிடுகிறது. இரண்டிலும் வரி பிசகாமல் ஒரே பதிலை எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை.