வளைந்த லீவரை நிமிர்த்த வேண்டாம்

நிற்கிற வண்டி சும்மா சாய்ந்து விழுந்தால்கூட முதலில் அடி வாங்குவது ஹேண்டில் பாரின் முனையும், அதில் உள்ள பிரேக் அல்லது கிளட்ச் லீவரும்தான். தூக்கி நிறுத்தியதும் எல்லாரும் டேங்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். நான் முதலில் பிரேக் லீவரைப் பார்ப்பேன். டேங்க் கீறலோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

எங்கள் வீட்டு வண்டிகளுக்கும் நண்பர்களின் வண்டிகளுக்கும் கேபிள், பிரேக் பேட், லீவர் மாற்றுகிற வேலை என்னிடம்தான் வரும். அதோடு சேர்ந்து வருகிற கேள்வி: "அண்ணா, லேசாத்தான் வளைஞ்சிருக்கு. பைப்பை மாட்டி நிமிர்த்திடலாமா?" வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பெரும்பாலான லீவர்கள் அச்சில் வார்த்த அலுமினியக் கலவை. அது ஒருமுறை வளைந்து கொடுத்ததே பெரிய விஷயம். வளைந்த இடத்தில் உலோகம் இறுகிப்போகும். எதிர்ப்பக்கம் வளைக்கும்போது அந்த இடத்திலேயே மயிரிழை போல விரிசல் விடும். மேலே இருக்கும் பெயிண்ட் அதை மறைத்துவிடும். பிறகு அது எப்போது உடையும்? குறுக்கே ஏதோ வந்து, பிரேக்கை முழு பலத்தோடு பிடிக்கும்போதுதான் உடையும். வேறு எந்த நேரத்திலும் அதன்மேல் அவ்வளவு விசை விழுவதில்லை.

சூடாக்கி நிமிர்த்தலாமே என்பார்கள். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் அப்படி எச்சரிக்காது. சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், கலவைகள் அதற்கும் முன்பே இளகும், அதுவரை நிறத்தில் பெரிய மாற்றம் தெரியாது. சோப்பைத் தேய்த்து, அது கருகுவதை வைத்துச் சூட்டைக் கணிக்கிற கைதேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. பாகமே கிடைக்காத பழைய வண்டியின் கிளட்ச் லீவருக்கு அந்த வேலையை நான் மதிக்கிறேன். பிரேக் லீவருக்கு அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வளைந்த லீவரில் விரிசல் தெரியவில்லை, விரல் எட்டுகிறது, முழுக்கப் பிடித்தால் கிரிப்பில் முட்டவில்லை என்றால், புதியது வாங்கும் வரை வளைந்தபடியே நிதானமாக ஓட்டலாம். நிமிர்த்திய லீவரைவிட அது மேல். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

சில லீவர்களில் முனைக்குச் சற்று முன்னால் ஒரு வெட்டு இருக்கும். அது தயாரிப்புக் குறை இல்லை. விழுந்தால் அந்த இடத்தில் முனை மட்டும் ஒடிந்து, மிச்சம் பிடிக்கிற அளவுக்கு நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அப்படி ஒடிந்தால் கூர்மையை அரத்தால் தேய்த்துவிட்டு வீடு வரலாம். ஆனால் வந்ததும் மாற்றிவிடுங்கள். முனையில் இருக்கும் குண்டு, விரல் நழுவாமல் தடுக்கிறது, விழும்போது உடம்பில் குத்தாமலும் காக்கிறது. பந்தய விதிகளில்கூட அந்தக் குண்டு குறைந்தது 16 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

கேபிள் கிளட்ச்சாக இருந்தால் மாற்றுவது சுலபம். அட்ஜஸ்டரை உள்ளே திருகி கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டர், லாக் நட், யோக் (லீவரை ஹேண்டிலோடு பிடித்திருக்கும் பாகம்) மூன்றிலும் உள்ள பிளவுகளை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால் கேபிள் வெளியே வந்துவிடும். லீவர் சுழலும் போல்ட்டைக் கழற்றும் முன் அடியில் உள்ள நட்டைக் கழற்றுங்கள். புது லீவரில் நிப்பிள் (கேபிள் முனையில் உள்ள குமிழ்) உட்காரும் குழியிலும் போல்ட் துளையிலும் கிரீஸ் வையுங்கள். குழிக்குள் நிப்பிள் சுழலாமல் இறுகினால், கேபிள் ஒவ்வொரு பிடிக்கும் அங்கேயே மடங்கி இழை இழையாக அறும். கடைசியில் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ப்ளே (கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம்) வையுங்கள். பல வண்டிகளுக்கு அந்தக் கணக்கு சரியாக வரும், உங்கள் வண்டியின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள்.

ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் லீவரில்தான் கவனம் அதிகம் தேவை. தம்பி தன் வண்டிக்கு அழகாக ஒரு லீவர் வாங்கி மாட்டியிருந்தான். கொஞ்ச தூரம் ஓடினதும் வண்டி இழுக்க மாட்டேன் என்றது, முன் டிஸ்க் தொட முடியாத சூடு. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் கோளாறு என்று அவன் நினைத்தான். கோளாறு லீவரில் இருந்தது. லீவர் பக்கம் ஆயிலை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் மேடு, புது லீவரில் பழைய லீவரில் இருந்ததைவிடச் சற்று உயரம். லீவரைத் தொடாதபோதும் பிஸ்டன் கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டே இருந்தது. பிரேக் ஆயில் அதன் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளையைப் பிஸ்டன் மூடிக்கொண்டால், சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லை. பேடுகள் டிஸ்க்கை அழுத்தும், அந்தச் சூட்டில் ஆயில் இன்னும் விரியும், ஓடும்போதே முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சாதாரண வேகத்தில் அவன் இதைக் கவனித்தது எங்கள் நல்ல காலம். அதே மாடலுக்கான அசல் லீவரை மாட்டியதும் சரியானது.

அதனால் புது லீவரைப் பழையதோடு பக்கத்தில் வைத்து அந்த மேட்டை ஒப்பிடுங்கள். மாட்டியதும் லீவரை விரலால் ஆட்டினால், பிஸ்டனைத் தொடும் முன் மெல்லிய ஆட்டம் தெரிய வேண்டும். பிஸ்டன் தொடும் இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் வையுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் உள்ளே உள்ள ரப்பர் உப்பிவிடும். போல்ட்டை முறுக்கியபின் லீவர் தானாகத் திரும்புகிறதா, பிரேக் விளக்கு எரிந்து அணைகிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தால் லீவர் எதிலாவது இடிக்கிறதா என்று பாருங்கள்.

மண் பாதையில் ஓட்டுபவர்கள் ஒரு வேலை செய்வார்கள், நானும் செய்கிறேன். யோக்கை ஹேண்டிலில் இறுக்கும் போல்ட்டுகளை, ஓட்டும்போது அசையாத, கையால் பலமாகத் தட்டினால் மட்டும் திரும்புகிற அளவுக்கு வைப்பது. வண்டி விழுந்தால் யோக் சுழன்றுவிடும், லீவர் பிழைக்கும்.

நெடுந்தூரம் போகும்போது இரண்டு பக்கத்துக்கும் உதிரி லீவர் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். இல்லாத நேரத்தில் கிளட்ச் லீவர் ஒடிந்தால், மிச்சத் துண்டில் ஒரு பூட்டுக் குறடை (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகப் பிடிக்கவைத்து மெதுவாக வந்து சேரலாம். பிரேக் லீவர் அடியோடு ஒடிந்தால் அதைச் செய்யாதீர்கள். வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.