நஞ்சராயன் குளக்கரையில் ஒரு காலை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, கூலிபாளையத்தை ஒட்டியுள்ள நஞ்சராயன் குளம் நெடுநாள் வரை வெறும் பாசனக் குளமாகத்தான் தெரிந்தது. நல்லாற்று நீரைத் தேக்கும் ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளத்தைத் தமிழக அரசு 2022-இல் மாநிலத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

சென்ற மார்கழியில் விடியும் முன்பே என் மகளை அழைத்துக்கொண்டு கரையில் நின்றேன். பனி விலக விலக, நெற்றியில் வெள்ளை நாமம் இட்டதுபோன்ற நாமக்கோழிகள் கூட்டமாக மிதப்பது தெரிந்தது. ஒரு கூழைக்கடா அலகை நீரில் அமிழ்த்தி, பையில் அள்ளிய நீரை மெல்ல வடித்துவிட்டு, மீனை மட்டும் விழுங்கியதை மகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவை மாவட்டத்தில் பில்லூர் அணையை ஒட்டிய பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணமும், அங்குள்ள பழங்குடி மக்கள் சமைத்துத் தரும் உணவும் எனக்கு மிகவும் பிடித்தவை. அதற்காக நஞ்சராயன் குளம் உட்பட எல்லா நீர்நிலையிலும் படகு விட வேண்டும் என்று கேட்பது சரியன்று. பறவைகள் இரை தேடி ஓய்வெடுக்கும் இடத்தில், கரையிலிருந்து பார்ப்பதே போதுமான பொழுதுபோக்கு. படகைக் காட்டிலும், குளத்துக்கு வரும் நீரில் சாயக்கழிவும் சாக்கடையும் கலக்காமல் காப்பதுதான் முதன்மையான பணி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த வாரம் இரவல் பைனாகுலருடன் மீண்டும் செல்கிறோம்.