எந்த மாசம் காசு இருக்காது?

ஜூலை 2, புதன்

முதலாமாண்டு பி.காம். பிள்ளைகளிடம் 'தேவைகளும் எதிர்பார்ப்புகளும்' சர்வே எடுக்கும் வேலை இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. போன வருடப் படிவத்தையே கொடுத்து, தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நான்கு பக்கம், 32 கேள்வி. பதினேழாவது: "நூலகமும் விளையாட்டு வசதிகளும் திருப்தியளிக்கின்றனவா?" நூலகம் பிடித்து மைதானம் பிடிக்காதவள் எங்கே டிக் அடிப்பாள்? அதுவும் திங்கட்கிழமை வந்து சேர்ந்த பிள்ளை. நூலகம் எந்த மாடியில் என்றே அவளுக்குத் தெரியாது.

'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' தொடங்கி ஐந்து கட்டங்கள். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் கொண்டுவந்த முறை. மனப்பான்மையை அளக்க அவர் செய்ததை வைத்து நாங்கள் வாளி, பெஞ்ச் வரை எல்லாவற்றையும் அளக்கிறோம். அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1966-இல் தொடங்கிய முதலாண்டு மாணவர் சர்வேயில், படிப்புச் செலவைப் பற்றிக் கவலை இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. எங்கள் 32-இல் காசைப் பற்றி ஒன்றுகூட இல்லை. படிக்கும்போதே உறுத்தியது. ஆனாலும் ஜெராக்ஸுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

58 பேர் எழுதினார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு பையன் எழுந்து, "மிஸ், இதுல எது கரெக்ட் ஆன்சர்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். மேலே பெயர், பதிவெண் எழுதச் சொல்லும் படிவத்தில் குறை சொல்ல எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? வரிசையாக எல்லாம் முதல் கட்டத்திலேயே டிக்.

கடைசிக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. 'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?' என்று கேட்டதற்கு "நல்லா படிக்கணும்", "ஒழுக்கமா இருக்கணும்", "அரியர் வைக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறார்கள். கல்லூரியிடம் தாங்கள் எதிர்பார்ப்பதை நாங்கள் கேட்பதாக யாருக்கும் தோன்றவில்லை. தங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பதை ஒப்பிக்கச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்.

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கடைசி மணிக்கு ஆசிரியர் வரவில்லை என்று என்னை வகுப்புக்கு அனுப்பினார்கள். பாடம் எடுக்கவில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தோம்.

செமஸ்டர் ஃபீஸ் யாரெல்லாம் கட்டவில்லை என்று ஆபீஸிலிருந்து லிஸ்ட் வந்திருந்தது. குளச்சல் பையன் ஒருவனிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பாவுக்க போட்டு கரையிலதான் கிடக்கு மிஸ். ஆகஸ்டுலதான் எறக்குவாவ," என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் இரண்டும் உண்டு. சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வலை காய்கிறது. நாங்கள் ஃபீஸ் கேட்பது சரியாக அந்த இரண்டு மாதத்தில்.

குலசேகரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மழை பெய்தா ரப்பர் பால்வெட்டு கிடையாது மிஸ். வெட்டினாத்தான் அம்மைக்குச் சம்பளம்," என்றாள். வெளியே நின்று ரசித்த சாரல் அப்புறம் எனக்கு ரசிக்கவில்லை.

நானும் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள்தான். அப்பாவுக்கு அரசு வேலை, முதல் தேதி சம்பளம். எல்லா வீட்டிலும் மாதம் அப்படித்தான் பிறக்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன் போல.

ஜூலை 10, வியாழன்

புதுப் படிவம், ஒரே பக்கம், பெயர் வேண்டாம். 'நிதி நெருக்கடி' என்று முதலில் எழுதி, ஐந்து பிள்ளைகளிடம் காட்டினேன். அடுத்த வீட்டுக்காரர் கஷ்டத்தைக் கேட்பதுபோல் படித்தார்கள். "எந்த மாசம் வீட்டில் கையில் காசு இருக்காது?" என்று மாற்றியதும் பேனா ஓடியது. எதிர்பார்ப்பு என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில்: "இந்த ரெண்டு வாரத்தில் எது கஷ்டமாக இருந்தது?" போட்டு வைக்க மார்த்தாண்டம் தேன் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டாயிற்று.

ஜூலை 16, புதன்

பெட்டியைத் திறந்தேன். ஜூன், ஜூலைதான் அதிகம். தோவாளைக்காரி ஒருத்தி (கையெழுத்தில் தெரிந்துவிட்டது, தெரியாததுபோல் இருக்க வேண்டும்) "ஓணத்துக்குப் பூ லோடு போகும்போதுதான் மிஸ் காசு" என்று எழுதியிருக்கிறாள். அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டப் பணம் மாதம் 1,000 ரூபாய் எப்போது வரும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கல்லூரி வழியாகப் பதிவு முடிந்த பிறகுதானே வரும். அந்தப் பதிவை விரைவாக முடிப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

மற்றவை: டெபிட், கிரெடிட்டைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு இங்கிலீஷில் சொல்லுங்கள். பாத்ரூமில் வாளி இல்லை. மாலை வகுப்பு பத்து நிமிடம் நீண்டால் வடசேரியில் பேச்சிப்பாறை பஸ் போய்விடும். இந்தக் கடைசிக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஜூலை 23, புதன்

பெட்டியில் வந்ததைத் துறைக் கூட்டத்தில் வைத்தேன். வாளி உடனே பாஸ். பதிவுக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். ஃபீஸ் தேதியைச் செப்டம்பருக்குத் தள்ளுவதுதான் இழுத்தது. ஆபீஸில், "கஷ்டம்னா வந்து கேக்கட்டும், ஃபைன் போடாம விட்டுடுவோம்" என்றார்கள். பெயர் போடாத சீட்டில்தான் வாய் திறந்த பிள்ளை, கவுன்டரில் வரிசையில் நின்று எப்படிக் கேட்கும் என்றேன். யோசிக்கிறோம் என்று முடித்தார்கள்.

போகும்போது துறைத் தலைவர் கூப்பிட்டு, பழைய படிவத்தின் ரிசல்ட்டையும் ஃபைலுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். ஆடிட்டுக்கு வேண்டுமாம். ராத்திரி எக்ஸலைத் திறந்து உட்கார்ந்தேன். 58 பேர், 32 கேள்வி. முதல் கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண். ஐந்து, ஐந்து, ஐந்து என்று அடித்துக்கொண்டே போகிறேன். இருபத்தோராவது பேப்பரில் யாரோ பதினேழாவது கேள்விக்கு மட்டும் ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறார்கள்.